கண்ணாடிக்குள் இருக்கும் கடிதத்தைத் திருப்பி வைக்கக் கோரி

அனுப்புநர்:
பெய்ஷெனாலி (வயது 78),
ஓய்வுபெற்ற ஆட்டு மேய்ப்பர்,
அக்பெல் கிராமம், நரீன்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நாவலாசிரியர் கால்தார்பெக் நினைவு இல்லம்,
நரீன்.

பொருள்: கால்தார்பெக் எனக்கு எழுதிய கடிதத்தின் பின்பக்கத்தை ஒரு நாள் மட்டும் மேலே தெரியும்படி வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். தொடங்கி இன்று நான்காவது நாள். எங்கள் ஊர்த் தபால்காரி குல்சாயிரா என் ஓய்வூதியச் சீட்டை வாசித்துக் காட்டி அலுத்துப்போய், போன குளிர்காலத்தில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பள்ளிப் பதிவேட்டின்படி நான் நான்கு வகுப்பு தேறியவன். அந்த நான்கு வருடமும் ஆடு மேய்த்தேன். பதிவேட்டுக்கு இது தெரியாது. கால்தார்பெக்குக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

2. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை முழுவதும் அவர் என் கூடாரத்தில் தங்கி நாவல் எழுதினார். தாள்களை என்னிடம் நீட்டி, "நீ சொல்லுப்பா, எப்படி வந்திருக்கு?" என்பார். நான் அளவாக நேரம் விட்டுப் புரட்டி, "பின்பாதி கொஞ்சம் இழுக்குதே" என்பேன். அவர் பின்பாதியை வெட்டிவிட்டார். அந்த நாவல் சுருக்கத்துக்காகவே பரிசு பெற்றதாகத் தங்கள் சுவரில் எழுதியிருக்கிறது. அதில் என் பங்கை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

3. நகரம் திரும்பியதும் அவர் எழுதியது அந்தக் கடிதம். எங்கள் வழக்கப்படி முன்பக்கம் முழுக்க நலம் விசாரிப்புதான்: என் தாய், மனைவி, மாமனார், ஆடுகள், வெள்ளைக்கால் குதிரை. விருந்துகளில் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வேன். வாசிப்பு குதிரைக்கு வந்ததும் கடிதத்தை வாங்கித் தொப்பிக்குள் செருகிவிடுவேன். மேலே போனால் நாவல் பேச்சு வந்து என் கருத்தைக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம். பதிலும் போடவில்லை. அவர் பிறகு வரவே இல்லை. அவர் இறந்த பின் கடிதத்தைத் தங்கள் இல்லத்துக்குக் கொடுத்தேன். அதன் கீழே 'கால்நடை வளர்ப்பில் எழுத்தாளரின் அக்கறை' என்று குறித்திருக்கிறீர்கள். ஆடுகள் சார்பில் நன்றி.

4. சென்ற செவ்வாய் வந்து நானே வாசித்தேன். காவலுக்கு இருந்த அம்மாள், "தாத்தா, கண்ணாடியில மூக்கு இடிக்குது. ஒரு மணி நேரமா ஒரே தாளைப் பாக்கறீங்களே, மனப்பாடம் பண்றீங்களா?" என்றார். "இப்பதான்மா மாமனார்கிட்ட வந்திருக்கேன்" என்றேன். குதிரையைத் தாண்டியதும் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. ஐம்பது ஆண்டில் என் காதில் விழாத வரி: "இனி விஷயத்துக்கு வருகிறேன், பெய்ஷெனாலி. அன்று நீ என் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு". அத்துடன் பக்கம் முடிகிறது.

5. பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உள்ளே கேட்டுச் சொல்லட்டுமா என்றார் அந்த அம்மாள். வேண்டாம் என்றேன். ஆயுள் முழுக்கப் பிறர் வாசித்துக் கேட்டாயிற்று.

6. கடிதத்தைக் கொடுத்தபோது நான் கைநாட்டு வைத்த தாளையும் வீட்டில் எடுத்து வாசித்தேன். அதை மீண்டும் தொடக் கேட்கமாட்டேன் என்று ஐந்தாம் பத்தியில் இருக்கிறது. தெளிவான எழுத்து. ஆகவே தொடக் கேட்கவில்லை. தாங்களே திருப்பி வைத்தால் போதும். அவர் திட்டியிருந்தால் திட்டு எனக்குரியது. சிரித்திருந்தால் அந்தச் சிரிப்பும் எனக்குரியது. ஒரு நாற்காலி மட்டும் போட்டுத் தர வேண்டுகிறேன். நேரமாகும்.

இடம்: அக்பெல்
நாள்: அக்டோபர் 14

தங்கள் பதிலைத் தானே வாசிக்கக் காத்திருக்கும்,
பெய்ஷெனாலி
(தாளை நேராகப் பிடித்து இட்ட கையொப்பம்)