ட்ரே பிடிக்க வந்தவர்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இந்தத் தடவை நன்றாக இருக்கிறோம் என்பதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன், ஏன் என்று சொல்கிறேன் கேள்.

உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் பெண்களுக்கெல்லாம் கையைக் கடிக்காத செலவில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய் அல்லவா, போன வாரம்தான் அப்படி ஒரு கூட்டத்துக்குக் குட்டி பர்கர் செய்து முடித்தேன். அப்பாவோடு இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் மாமா ரிட்டையர் ஆனார், டிப்போ ஹாலில் விருந்து. வீட்டுக்கு வந்து, "அண்ணி, நாப்பது பேரு வருவாங்க, கையில புடிச்சுச் சாப்பிடற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடுங்க, ஆனா என் பர்ஸும் தாங்கணும்" என்றார். அப்பா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். பக்கவாதம் வந்து நாக்கு குழற ஆரம்பித்ததிலிருந்து அவர் யார் முகத்திலும் விழிப்பதில்லை, நீ போன் பண்ணினால்கூடக் கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார், உனக்குத் தெரியாததா. மாமா அந்தக் கதவைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் சரி என்று தலையாட்டியதே இந்தச் சாக்கில் மனுஷனை வெளியே கிளப்பிவிடலாம் என்றுதான்.

செய்முறையைக் குறித்துக்கொள். பேக்கரியில் முந்தின நாள் பன்னை விலை குறைத்துத் தருவார்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி பன்னாகக் கேட்டு வாங்கு. பிய்த்துவிடாதே, மொத்தமாகக் குறுக்கே அறுத்து அடிப்பாதியை ட்ரேயில் வை. நாற்பது பேருக்கு முழுக்கக் கொத்துக்கறி என்றால் கட்டுப்படியாகாது, அதனால் கறி பாதி, வேகவைத்து மசித்த பயறு பாதி. வெங்காயம் சிவந்ததும் கறியைப் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறு, இல்லாவிட்டால் பன் சொதசொதவென்று ஆகிவிடும். பயறு கலந்ததை நீயாகச் சொன்னால்தான் உண்டு, யாருக்கும் தெரியாது. அதைப் பரப்பி, மேலே சீஸ், அதன் மேல் பன்னின் மேல்பாதி, உருக்கிய வெண்ணெயில் பூண்டு நசுக்கிப் போட்டுத் தடவி எள்ளைத் தூவிவிடு. அலுமினியத் தாளால் மூடி ஓவனில் வைத்து, சீஸ் உருகியதும் தாளை எடுத்துவிட்டு மேல்பக்கம் சிவக்க விடு. நம் ஓவனில் ஒரு ட்ரேதான் பிடிக்கும், மற்றதை எதிர்வீட்டுத் தையல்காரி வீட்டில் வைத்தேன், "ஓவன் வாடகையா ஒரு வரிசை எனக்கு வந்துடணும்க்கா" என்று அவள் முதலிலேயே பேசி முடித்துவிட்டாள்.

நான் தனியாகத் திண்டாடுவதைப் பார்த்து அப்பா தானாகவே வந்து மேசையருகில் உட்கார்ந்தார். இடது கையால் சீஸ் துண்டுகளை, டிப்போவில் பஸ்ஸை நிறுத்துவாரே அது போல, ஓரம் பிசகாமல் அடுக்கினார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. எனக்குத் தோள் வலி, ட்ரே சரிந்தால் அத்தனையும் பாழ், மடியில் வைத்துக்கொண்டு மாமா அனுப்பும் வேனில் உட்கார்ந்தால் போதும், நீங்கள் இறங்கவே வேண்டாம் என்றேன். வந்தார். டிப்போவில் மற்ற ட்ரேயெல்லாம் உள்ளே போய்விட்டது, இவர் மட்டும் கடைசி ட்ரேயைக் கட்டிக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் மாமா வெளியே வந்தார். நலம் விசாரிக்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "அண்ணே, கடைசி ஸ்டாப் வந்துருச்சு, எறங்கிக்கங்க" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ட்ரேயோடு இறங்கிவிட்டார்.

உள்ளே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா, அண்ணன் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்துவிட்டார். அப்பா எழுந்து நின்றார், வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் வார்த்தை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். மாமா கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, முடியாத பயணி படி ஏறும்வரை விசில் ஊதாமல் நிற்பது போல அப்படியே நின்றார். அப்பா ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்: "இவன்... விசில் குடுக்காம... நான் வண்டிய... எடுத்ததே இல்ல." மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, கையிலிருந்த பர்கரை என் பக்கம் நீட்டி, "உப்பு... கம்மி" என்றார். அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள், அவரும்தான். எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் சொன்னது சரிதான், பயறு உப்பை இழுத்துவிடுகிறது, நீ செய்யும்போது இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போடு.

குளிர் காலம் வருகிறது, காலுறை இல்லாமல் திரியாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் கையால் தேறி எழுகிறவர்கள் உன்னை வாயார வாழ்த்தட்டும். முக்கியமாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். எடுத்ததும் பேச்சு எதுவும் கேட்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, நீயாக எதுவும் எடுத்துக் கொடுக்காதே. அப்பாதான் அது. பேசுவார், காத்திரு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா