கீழ் அடுக்கின் விலைச்சீட்டு

மார்ச் 4, புதன்

கடை திறப்பதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு மாற்றியாகிவிட்டது. தாளிலிருந்து கிழித்து, அலமாரி விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்குள் சொருகுவதில் என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு புதன்கிழமை காலையில் வந்து செய்து பார்க்கட்டும். அரை மணி நேரத்தில் எண்ணெய்க்கு சோப்பு விலை ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வாசலில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் கடையே ஒரு பலகை வைத்திருக்கிறது. ‘அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால் குறைந்த விலைக்கே தருவோம்.’ பதினோரு வருஷமாக அந்தப் பலகைக்கு நான் வேலை வைத்ததில்லை. இன்று மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்து, ஒன்றாம் தேதியிலிருந்து தளத்துக்கு ஒரு சூப்பர்வைசர் போடப்போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “இவங்க மாத்தின சீட்டுல ஒண்ணு தப்பாச்சுன்னு இதுவரைக்கும் யாராவது சொல்லியிருக்கீங்களா?” எல்லாரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இனிமே வாசக்கதவு ரெண்டையும் திறந்து வெக்கணும் போல. தலை உள்ள நுழையாது” என்றார். நுழையாவிட்டால் போகட்டும். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

முட்டி வலி. வேறு விசேஷமில்லை.

மார்ச் 9, திங்கள்

காலை பதினொரு மணி இருக்கும். பில் போடும் இடத்தில் சத்தம். அங்கே இருக்கும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டாசு. ஆனால் இன்று வெடித்தது அவள் இல்லை. ஒருவர் மனைவியோடு மேசை விசிறி வாங்க வந்திருந்தார். வண்டி மெக்கானிக், சட்டைப் பையில் பட்டறையின் பெயர் தைத்திருந்தது. அலமாரிச் சீட்டில் ஆயிரத்து நானூற்றைம்பது. மெஷினில் அடித்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அவர் வாசல் பலகையைக் காட்டினார். “நீங்களே எழுதி வெச்சிருக்கீங்கல்ல?”

மேனேஜர் நேரே விசிறி இருக்கும் கீழ் அடுக்குக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பட்டையில் போன வாரத்துத் தள்ளுபடிச் சீட்டு இருந்தது. புதுச் சீட்டு தரையில் கிடந்தது.

“புதுசை உருவிப் போட்டுட்டு, எங்கயோ இருந்த பழசை எடுத்து நீங்களே சொருகியிருக்கீங்க” என்றார் மேனேஜர்.

அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. “சார், நான் எதுக்கு சார்...” என்றார். சுற்றிலும் கூட்டம். மேனேஜர் என்னைக் காட்டினார். “இவங்களையே கேளுங்க. பழைய சீட்டை விட்டு வெப்பாங்களான்னு.”

“நான் அப்படி வெக்கிறவ இல்ல” என்றேன். கேட்ட மாத்திரத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தார். “வாங்க போகலாம். நமக்கு விசிறியே வேணாம்.” போகிறபோது மெக்கானிக் திரும்பி, “இதை நான் விடமாட்டேன்” என்றார். கத்தவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அவர்தான் மாற்றியிருக்க வேண்டும். வேறு யார்?

மார்ச் 11, புதன்

வேறு யார் — நான்தான்.

கீழ் அடுக்கில் இஸ்திரிப் பெட்டியின் சீட்டை மாற்ற உட்கார்ந்தேன். முன்சீட்டை நகத்தால் நெம்பினால் பின்னால் இன்னொன்று. அது தள்ளுபடிச் சீட்டு. பக்கத்தில் கெட்டில், அதற்குப் பின்னாலும் ஒன்று. அந்த வரிசையில் பதினான்கு சீட்டு, ஒன்பதுக்குப் பின்னால் பழசு. தள்ளுவண்டியின் மூலை உரசினால் போதும், முன்னால் இருப்பது கழன்று விழும், பழசு பல்லைக் காட்டும்.

ஜனவரியிலிருந்து முட்டி மடங்கமாட்டேன் என்கிறது. பழசை உருவி எடுக்க நன்றாகக் குனிய வேண்டும். புதுசை முன்னால் தள்ளிவிடுவது சுலபம். இதையெல்லாம் யோசித்தா செய்தேன்? இல்லை. தெரியாமல் செய்தேனா? அதுவும் இல்லையே!

எல்லாவற்றையும் இருந்தபடியே தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அடிப்பாவி, அதையாவது சரிசெய்திருக்கலாமே.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “யாருக்கும் தெரியாதுல்ல? விட்டுத் தள்ளு. அந்தாளு இந்நேரம் வேற கடையில வாங்கி, காத்து வாங்கிட்டிருப்பான்” என்றார். எரிந்து விழுந்தேன். பாவம், நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

மார்ச் 13, வெள்ளி

நுகர்வோர் குறைதீர் அலுவலகத்திலிருந்து கடிதம். செவ்வாய்க்கிழமை அதிகாரி நேரில் வருகிறார். மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். மெக்கானிக் நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை. ‘நான் சீட்டை மாற்றவில்லை என்று கடை எழுதித் தர வேண்டும். என் மனைவி முன்னால் சொன்னதை அவள் முன்னாலேயே திரும்பப் பெற வேண்டும்.’

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். பழைய சீட்டை எடுத்த பிறகே புதியதை வைப்பது என் வழக்கம், விசிறிக்கும் அப்படித்தான் வைத்தேன் என்று என் பெயரில் அடித்திருந்தது. “ஒரு கையெழுத்துதான். மத்ததை நான் பாத்துக்கறேன். ஒண்ணாம் தேதி ஞாபகம் இருக்குல்ல?”

படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று வாங்கி வந்தேன். படிக்க அதில் மூன்று வரிதான்.

மார்ச் 15, ஞாயிறு

தாள் பையிலேயே இருக்கிறது. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். எல்லாரும் தண்ணீர் குடித்துக் குடித்தே சாப்பிட்டார்கள்.

அந்த மனிதர் பட்டறையில் இனி ஒரு நட்டு காணாமல் போனாலும் அவரை அல்லவா பார்ப்பார்கள்? கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடவா இருந்திருக்காது? என் பெயர் கெடக்கூடாது என்று அவர் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்



அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் படித்தார். மெக்கானிக்கும் மனைவியும் ஓரமாக நின்றார்கள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேனேஜர், “எங்க ஸ்டாஃப் எழுதிக் குடுத்திருக்காங்க” என்று அந்தத் தாளுக்காக என் பக்கம் கையை நீட்டினார்.

“நான் எழுதிக் குடுக்கல மேடம். கூட வாங்க, காட்டறேன்” என்றேன்.

கீழ் அடுக்குக்கு அழைத்துப் போய்த் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். முட்டி கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். கெட்டில் சீட்டை எடுத்துப் பின்னால் இருந்ததைக் காட்டினேன். அடுத்தது. அதற்கடுத்தது. “பழசை எடுக்காம புதுசை முன்னாடி சொருகினது நான். விசிறிக்கும் அப்படித்தான். முன்னாடி இருந்தது தானா விழுந்திருக்கு. இவர் கை வெக்கவே இல்ல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் என்னையே பார்த்தபடி நின்றார்.

அதிகாரி மேனேஜரிடம் திரும்பினார். “எல்லாக் கடையும் சீட்டு விலைக்கே குடுக்கணுமான்னு கேட்டா, அது இடத்தைப் பொறுத்தது. ஆனா நீங்க வாசல்ல வாக்குக் குடுத்திருக்கீங்க, அதனால குடுத்துதான் ஆகணும். அது ஒரு பக்கம். வாங்க வந்தவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டினீங்களே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?”

மேனேஜர் எழுதினார். எழுதியதை அந்த மனைவி முன்னால் வாய்விட்டுப் படிக்கவும் செய்தார். மெக்கானிக் தாளை மடித்துக்கொண்டு, விசிறி வேண்டாம் என்று கிளம்பப் பார்த்தார். மனைவி விடவில்லை. “இவ்ளோ அசிங்கப்பட்டாச்சு, விசிறியை ஏன் விடணும்? எடுங்க.” பட்டாசு ஆயிரத்து நானூற்றைம்பதுக்குப் பில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

எனக்கு என்ன ஆகுமோ தெரியாது. ஆனால் இன்றைக்கு என்னை எனக்குப் பிடித்திருக்கிறது. பதினோரு வருஷம் தப்பே செய்யாதவள் என்று திரிந்தபோதுகூட இவ்வளவு பிடித்ததில்லை.

வீட்டுக்காரர் முழுதும் கேட்டுக்கொண்டார். உள்ளே போய்த் தைலத்தை எடுத்து வந்து முட்டியில் தேய்த்துவிட்டார்.

ஏப்ரல் 1, புதன்

சூப்பர்வைசர் பதவி பிஸ்கட் பகுதிக்காரருக்கு. கை கொடுத்தேன். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

முந்நூற்று நாற்பது சீட்டு. பழசை எல்லாம் உருவி ஒரு பையில் போட்ட பிறகே புதுசைத் தொட்டேன். கதவு திறக்கும்போது இன்னும் ஒரு வரிசை பாக்கி. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 11, சனி

மெக்கானிக்கும் மனைவியும் வந்திருந்தார்கள். இஸ்திரிப் பெட்டி வாங்க. நான் இரண்டு அலமாரி தள்ளி நின்றிருந்தேன், அவர் மனைவி என்னைக் கவனிக்கவில்லை. பெட்டியை வண்டியில் வைக்கும் முன் குனிந்து, சீட்டை நகத்தால் நெம்பி வெளியே எடுத்து, பட்டைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார், என்னைப் பார்த்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“நல்லாப் பாருங்கம்மா” என்றேன்.

மறுபடியும் குனிந்து நன்றாகவே பார்த்தார். உள்ளே வெறும் பிளாஸ்டிக்தான் இருந்தது.