சுல்தானாவுக்கு வெயில் ஆகாத மாதம்

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

என் மகன் இம்தியாஸ் செய்தது தவறு. லீவில் வந்திருந்தபோது தன் அம்மா சுல்தானாவைக் கருப்பைவாய்ப் பரிசோதனை முகாமுக்கு அழைத்துப்போனவன் அவன்தான். அங்கே தன் போன் நம்பரைக் கொடுத்தான். கருப்பைவாய்ச் செல்களில் மாற்றம் இருக்கிறது, உடனே காட்டுங்கள் என்று அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அவளிடம், "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்காம்" என்றான். தங்கை அல்மாஸின் நிக்காஹ் முடியட்டும் என்று நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, போன மாதம்தான் தோஹாவிலிருந்து போனில் சொன்னான். அவள் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது. அவனுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவன் போனை நான் எடுப்பதில்லை. எடுக்கப்போவதும் இல்லை.

"புள்ள பயந்துட்டான், விடுங்க மச்சான்" என்கிறாள் சுல்தானா. கட்டி வந்த நாளிலிருந்து எல்லாரையும் விட்டுவிட்டே பழகியவள்.

செப்டம்பர் 9, திங்கள்

சிதம்பரம் போய் வந்தோம். டாக்டர் இளமதி படம் வரைந்து காட்டினார். புற்று மேல்தோலோடு நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை. கருப்பையை எடுத்துவிடுவதுதான் வழக்கமாம். ஆனால் சுல்தானாவின் இதய வால்வு பழுது. அந்த ஆபரேஷனுக்கான மயக்க மருந்தை அவள் தாங்கமாட்டாள். அதனால் ஒளி சிகிச்சை. நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். கெட்ட செல்லில் அது அதிகமாகத் தங்கும். இரண்டு நாள் கழித்து மெல்லிய கண்ணாடி இழை வழியாகச் சிவப்பு ஒளியைக் காட்டினால் மருந்து விழித்துக்கொண்டு அந்தச் செல்லைக் கொல்லும். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற முறை, பலிக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ரேடியோ ரிப்பேரையே புத்தகம் பார்த்துக் கற்றவன். விடாமல் கேட்டேன். கடைசியில், "எதுவா இருந்தாலும் அவகிட்டயே நேரா சொல்லுங்கம்மா" என்றேன்.

"அவுங்ககிட்டதான் ஐயா சொல்லிட்டிருக்கேன். நீங்கதான் நடுவுல பேசுறீங்க" என்றார் டாக்டர்.

சுல்தானா சிரித்தாள். அந்த அறையில் சிரிக்க முடிந்தது அவளால்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒளி காட்டி முடித்துவிட்டார்கள். சுட்டதா என்று கேட்டேன். "மருதாணி காஞ்சா இழுக்குமே, அப்படி இருந்துச்சு" என்றாள்.

செப்டம்பர் 14, சனி

மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை, ஒரு மாதம், வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு கார் வைத்து அழைத்துவந்தேன். வழக்கமில்லாத முகத்திரை, கையுறை. செம்மங்குப்பத்தில் மருந்துக் கம்பெனி நெடி வந்ததும் திரைக்குள்ளிருந்து, "ஊரு வந்துடுச்சு" என்றாள்.

வீட்டுக்குள் மங்கலான வெளிச்சம் இருக்கலாம், இருந்தால்தான் நல்லது என்று டாக்டர் சொன்னார். சொல்லட்டும். ஜன்னல்களில் கம்பளி அடித்தேன். அவள் போன் வெளிச்சமும் வேண்டாமென்று அணைத்துப் பீரோவில் வைத்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

"உசுரோட கபருக்குழில வெச்சிட்டீங்களே மச்சான்."

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 21, சனி

அவள் இருட்டிலிருந்து சொல்லச் சொல்ல நான் சமைக்கிறேன். உப்பு எப்படி என்று கேட்டால் ஜாஸ்தி என்கிறாள். நேற்றும் ஜாஸ்தி. ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

யார் கேட்டாலும் "வெளிய வரமாட்டா, யாரையும் பாக்கமாட்டா" என்று மட்டும் சொல்கிறேன். அவளையும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறேன். என்ன நோய் என்று ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் குறிஞ்சிப்பாடியிலிருந்து அப்துல்லா, சுல்தானாவின் சித்தப்பா மகன். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

"மச்சான்... நீங்களா?"

"என் வூட்டுல வேற யாரு இருப்பா?"

விஷயம் இதுதான். புடவை விற்க வந்த குறிஞ்சிப்பாடிக்காரி மூடிய ஜன்னல்களைப் பார்த்திருக்கிறாள். நான் கடைக்குப் போயிருந்த நேரம். உள்ளேயிருந்து சுல்தானா, "வெளிய வர முடியாதும்மா, யாரையும் பாக்குறதில்ல" என்றிருக்கிறாள். புருஷன் இறந்த பெண் வெளியே வராமல் இத்தா இருக்கிறாள் என்று புடவைக்காரி முடிவுகட்டி, ஊரில் போய்ச் சொல்லிவிட்டாள்.

"நீங்க மவுத்தானதக்கூட எனக்குச் சொல்லலியேன்னு கோவமா வந்தேன் மச்சான்" என்றான். உள்ளே சுல்தானா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "கோவத்த வெச்சிரு தம்பி, ஒரு நாளைக்கு ஒதவும்" என்றாள்.

அப்துல்லா சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே இம்தியாஸுக்குப் போன் போட்டு, ஏன்டா மறைத்தாய் என்று திட்டியிருக்கிறான். அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான், நான் எடுக்கவில்லை. அவன் அம்மாவின் போன் பீரோவில். நான் இறந்துவிட்டதாக நம்பிவிட்டான்.

அப்துல்லாவின் போன் அடித்தது. என்னிடம் நீட்டினான்.

"நான்தான். சாவல" என்றேன்.

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை மட்டும். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் மறைச்சிட்டாங்கன்னு நெனச்சேன் அத்தா."

இப்போது தெரிகிறதா என்று கேட்க வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. வாரக்கணக்காக வைத்திருந்த வார்த்தை. சுல்தானா உள்ளேயிருந்து, "மச்சான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவன் செய்தது தவறுதான். அதில் மாற்றமில்லை. ஆனால் ஜன்னலை மூடியது யார்? போனைப் பீரோவில் வைத்தது யார்?

செப்டம்பர் 27, வெள்ளி

கம்பளிகளைக் கழற்றிவிட்டு மெல்லிய துணி கட்டினேன். அவள் முகம் தெரிகிறது. இளைத்திருக்கிறாள்.

டிசம்பர் 16, திங்கள்

சிதம்பரத்தில் முடிவு வந்தது. டாக்டர் சுல்தானாவிடம் சொன்னார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மாறிய செல் எதுவும் தென்படவில்லை. முழுக்க நிம்மதி என்று இப்போதே சொல்ல முடியாது, தொடர்ந்து பார்க்க வேண்டும். அல்ஹம்துலில்லாஹ்.

இனி ஆக வேண்டியவை.

ஜூனில் அடுத்த பரிசோதனை. நாளைக் குறித்துக்கொள்ள வேண்டியவள் சுல்தானா. நான் கூடப் போக வேண்டும்.

தோஹாவில் மருமகள் ரூமானா பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முடிவை அவள் காதால் அவளே கேட்க வேண்டும். இம்தியாஸ் வெளியே காத்திருக்கட்டும்.

அல்மாஸிடம் அம்மாவின் நோய் என்னவென்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். அதை சுல்தானா செய்வாள். தெருவில் கேட்கிற பெண்களுக்கும் அவளே சொல்கிறாளாம். சொல்லட்டும்.

அப்துல்லா தன் வீட்டுப் பெண்களை முகாமுக்கு அனுப்ப வேண்டும். நோன்புக்கு முன்னால்.

நோன்புக்கு இம்தியாஸ் வர வேண்டும். டிக்கெட் போடச் சொல்லியாயிற்று. சென்னைக்குப் போய் அவனை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவர வேண்டியது நான்.