தவமணி அக்காவுக்காக நான் எழுதிய ஐந்து சிபாரிசுக் கடிதங்கள்

என்றும் என் அன்புக்குரிய தவமணி அக்கா,

எங்கள் துறையில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. அதை உங்களுக்கு அறிவிப்பது என் கடமை. படிக்கட்டுக்கு இடப்பக்கம் இருந்த அறிவித்தல் பலகையை வலப்பக்கத்துக்கு மாற்றுவதென்று கடந்த துறைக் கூட்டத்தில் ஏகமனதாக முடிவாயிற்று. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், மூன்று பேர் உரையாற்றினார்கள். இடப்பக்கம் வெயில் பட்டுப் புலமைப்பரிசில் அறிவித்தல்கள் மங்கிப்போகின்றன என்பது காரணம். வலப்பக்கம் மழைச்சாரல் அடிக்கும் என்று நான் சொன்னேன். அது கூட்டறிக்கையில் பதிவாகியிருக்கிறது.

பலகையைக் கழற்றிய அன்று அதன் பின்னால் செருகிக் கிடந்த பழைய தாள்கள் விழுந்தன. எல்லாம் முடிவுத் திகதி கடந்தவை. சிலவற்றின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு ‘த’. நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம். உங்களுக்கு எழுத வேண்டும் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கப்போகிறார்கள். அவர்களுக்காகச் சில விடயங்களை உங்களிடமே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் திரியாயில் பிறந்தவர். ஊரே இடம்பெயர்ந்தபோது பாடசாலையை விட்டுப் போனவர். மற்றவர்கள் பட்டம் பெற்று வெளியேறும் வயதில் பல்கலைக்கழகத்துக்கு உள்ளே வந்தவர். அங்கே உங்களைவிட எட்டு வயது இளையவனான நான் உங்களோடு ஒரே வகுப்பில் படித்தேன். நீங்கள் என்னைத் தம்பி என்றீர்கள். நான் அக்கா என்றேன். பிறகு எனக்கு நிரந்தர விரிவுரையாளர் பதவி கிடைத்தது. உங்களுக்கு வயதெல்லை கடந்துவிட்டது என்றார்கள். ‘இளம் ஆய்வாளர்’ என்று எழுதியிருந்த எந்த அறிவித்தலும் உங்களுக்குப் பொருந்தவில்லை. இளமையாக இருந்த காலத்தில் நீங்கள் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அதனால் ஆறு மாத ஒப்பந்தம், மூன்று மாத ஒப்பந்தம் என்று நிறுவனம் நிறுவனமாகப் போனீர்கள். புல்மோட்டையிலிருந்து மூதூர் வரை வீடு வீடாக ஏறி, மற்றவர்களுடைய ஆய்வுக்குக் கேள்விக்கொத்து நிரப்பிக் கொடுத்தீர்கள். அவர்களுடைய புத்தகங்களின் நன்றியுரையில் உங்கள் பெயர் இருக்கிறது. இரண்டில் எழுத்துப் பிழையோடு.

ஒப்பந்தம் இல்லாத மாதங்களில் உங்கள் சொந்த ஆய்வு. அது கிணறுகளைப் பற்றியது. ஊர் திரும்பிய சனங்கள் காடு மண்டிய நிலத்தில் முதலில் எந்தக் கிணற்றை இறைத்தார்கள்? அதில் யார் அள்ளலாம் என்று யார் சொன்னார்கள்? தன் கிணறு தூர்ந்துபோன வீட்டுக்காரி அடுத்த வீட்டில் எத்தனை மாதம் கூச்சமில்லாமல் அள்ளினாள், கூச்சம் எந்த நாளில் வந்தது? இதைப் பதினேழு கொப்பிகளில் எழுதி வைத்திருந்தீர்கள். அதை ஒரு நூலாக்க உங்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு வருடம்: சம்பளத்தோடு, ஒரு மேசையோடு, வேறு யாருடைய கேள்விக்கொத்தும் இல்லாமல்.

அந்த ஒரு வருடத்துக்காகத்தான் ஐந்து முறை விண்ணப்பித்தீர்கள்.

கிணறுகள் மாறவில்லை, தலைப்பு மாறிக்கொண்டே வந்தது. நல்லிணக்கத்துக்குப் பணம் வந்த வருடம் ‘கிணறும் நல்லிணக்கமும்’ என்று எழுதினீர்கள். பிறகு கிணறும் பெண்களும். பிறகு கிணறும் மீண்டெழும் திறனும். அதற்குப் பிறகு காலநிலை. கடைசியாக எல்லோரும் கடல்சார் பொருளாதாரத்துக்கு மாறியபோது, துறைமுகம் தெரிகிற என் அறை யன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டீர்கள்:

“தம்பி, கிணத்தைக் கடலுக்கு எப்பிடிக் கொண்டுபோறது?”

“உப்புத்தண்ணி ஏறின கிணறுகள் இருக்குத்தானே அக்கா.”

“அட! நீர் கட்டாயம் பேராசிரியராத்தான் வருவீர்.”

அந்த விண்ணப்பமும் கைநழுவிப் போனது. நான் இன்னும் பேராசிரியராகவில்லை.

முதலாவது விண்ணப்பம் தபாலில் போன காலம் நினைவிருக்கிறதா? பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பிரதி எடுத்து, அங்கிருந்த வாங்குப் பலகையில் வைத்துப் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தோம். நகரத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று வந்து மூன்றாம் பக்கத்தை இழுத்து நின்ற இடத்திலேயே மென்றது. நான் விரட்டப் போனேன். நீங்கள் தடுத்தீர்கள். “விடும் தம்பி. ஆய்வு முறையியலைக் கடைசி வரி மட்டும் விடாமப் பார்க்கிற ஆள் இது ஒண்டுதான்” என்றீர்கள். பிறகு இன்னொரு பிரதி எடுத்தோம். மான் நான்காம் பக்கத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு புலமைப்பரிசிலுக்கும் ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். விண்ணப்பிப்பவரை நீண்டகாலம் அறிந்த, நிரந்தரப் பதவியில் உள்ள ஒருவர் அதை எழுதி நேரடியாக அனுப்ப வேண்டும். விண்ணப்பிப்பவர் அதைப் பார்க்கக் கூடாது. உங்களுக்காக ஐந்து முறையும் அதை எழுதியவன் நான். தலைப்பையும் திகதியையும் மாற்றினால், ஐந்தும் ஏறக்குறைய ஒரே கடிதம்தான். ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன். நீங்கள் முதல் தடவையாக அதை வாசிக்கிறீர்கள்.

“இவரை நான் பல வருடங்களாக அறிவேன். நேரம் தவறாதவர். ஏற்ற பணியை முடிப்பவர். இவருடைய களக் குறிப்புகளில் நான் பிழை எதையும் கண்டதில்லை. இந்த ஆய்வை இவரால் செய்ய முடியும் என நம்புகிறேன்.”

இதில் ஒரு பொய்யும் இல்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. மேடையில் பொன்னாடை போர்த்துகிறவர்களைக் கிண்டல் செய்து பத்திரிகையில் எழுதிப் பெயர் வாங்கியவன் நான். இரண்டு அடைமொழிகளைச் சேர்த்து எழுதினால் கை கூசும். தவிர, நாங்கள் வளர்ந்த இடம் அப்படி. அதிபர் தரும் நற்சான்றிதழில் ‘நன்னடத்தை உள்ளவர்’ என்று ஒரு வரி இருந்தால் அதை அலுமாரியில் பூட்டி வைத்தோம். சாப்பிட்டு எழும்புகிறவர் “கறி பிழையில்லை” என்றால், சமைத்தவருக்கு அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. உங்கள் குறிப்புகளில் பிழை கண்டதில்லை என்று எழுதியபோது, என்னிடம் இருந்த எல்லாவற்றையும் உங்களுக்குத் தந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நீங்கள் காய்ச்சல் என்று படுத்து ஆறாம் நாள் போய்விட்டீர்கள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு உப்புவெளியில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, உங்கள் தங்கை செல்வி கொப்பிகளையும் ஒரு கோப்பையும் கொண்டுவந்து தந்தார். கோப்பில் ஐந்து மறுப்புக் கடிதங்கள் வரிசையாக இருந்தன. இரண்டாவதோடு மட்டும் ஒரு மேலதிகத் தாள். தெரிவுக்குழு காரணம் எழுதியிருந்தது. விண்ணப்பங்களில் இதைத்தான் முதல் இடத்தில் வைத்திருந்தார்களாம். ஆனால் நீண்டகாலம் அறிந்தவர் எழுதிய கடிதம் மிகுந்த தயக்கத்தோடு எழுதப்பட்டிருப்பதாக உறுப்பினர்களுக்குப் பட்டதாம். அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று விளங்கவில்லையாம்.

தயக்கம். நான் அதைக் கதிரையில் இருந்தபடி மூன்று தரம் வாசித்தேன்.

பிறகு, இப்படியான குழுக்களில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். அங்கே வரும் கடிதங்களில் எல்லோரும் ஒரு தலைமுறைக்கு ஒருவராம். சாதாரணமானவருக்கே ‘அபாரமான’ என்றுதான் தொடங்குவார்களாம். அந்தக் கட்டுக்குள் ‘நேரம் தவறாதவர்’ என்று ஒரு கடிதம் இருந்தால், பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் மாதிரித்தான் இருக்கும் என்றார். அவர் சிரித்தார். நானும் வழக்கமாகச் சிரிக்கிற விடயம்தான்.

அந்தத் தாளை வாசித்த அன்றே செல்வியிடம் கேட்டேன்: “இது உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும் சேர்.”

“தெரிஞ்சும் ஏன் அதுக்குப் பிறகும் என்னட்ட வந்தவ?”

“வேற ஆரிட்டப் போறது? நிரந்தர வேலையில இருக்கிற ஆள் வேணுமாம், கன காலம் தெரிஞ்சிருக்க வேணுமாம். அக்காவைக் கன காலம் தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் தோட்டக்காரரும் மீன்காரரும்தானே. அவையின்ர கடிதத்தை ஆர் எடுப்பினம்?”

“என்னட்டச் சொல்லியிருக்கலாம்.”

“நானும் அதைத்தான் சொன்னனான். ‘சொன்னா அவன் நொந்துபோவான், பிறகு பொய்யும் எழுதத் தெரியாம முழிப்பான்’ எண்டவ. சிரிச்சுக்கொண்டுதான் சேர் சொன்னவ. கோவமா இல்லை.”

கோபமில்லை என்பதை ஆறுதலுக்காகச் சொன்னார். அது ஆறுதலாக இருக்கவில்லை.

அக்கா, ஒரே ஒரு தடவை நீங்கள் சொல்லப் பார்த்தீர்கள். எனக்கு இப்போதுதான் அது விளங்குகிறது. மூன்றாவது விண்ணப்பத்துக்கு வந்திருந்தீர்கள்.

“தம்பி, திரும்பவும் உம்மட கையெழுத்து வேணும்.”

“எப்பைக்கு?”

“வெள்ளிக்கு.”

“இண்டைக்கு வியாழன் அக்கா.”

“அதுதான் வெள்ளிக்கு எண்டனான்.” கைப்பையின் பட்டியைத் திருகிக்கொண்டு சொன்னீர்கள்: “இந்த முறை நாலு சொல்லுக் கூட்டி எழுதுமன். மை குறைஞ்சு போகுமோ?”

“உங்களுக்கு எதுக்கு அக்கா கூட்டி எழுதிறது? உள்ளதே காணும், அது போதும்.”

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “ஓம். காணும்தான்” என்றீர்கள். பிறகு தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டீர்கள்.

அந்த ‘ஓம்’ என்ன அக்கா? நான் உங்களை உயர்த்திச் சொல்கிறேன் என்று விளங்கிக்கொண்டீர்களா? அல்லது இதற்கு மேல் இவனிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டீர்களா? எனக்குப் பயமான கேள்வி வேறொன்று. நீங்கள் அந்தக் கடிதங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. குழு எழுதிய அந்தத் தாளை மட்டும்தான் பார்த்தீர்கள். குழுவுக்கு விளங்காத அந்தத் தயக்கம் எனக்கு உண்மையிலேயே இருந்தது, உங்கள் ஆய்வை நான் சாதாரணமானதாகத்தான் நினைத்தேன் என்று நம்பிக்கொண்டா போனீர்கள்? அப்படி நம்பியும் எனக்குத் தேத்தண்ணியில் சீனி போட்டுத் தந்தீர்களா?

நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே சொல்கிறேன். உங்கள் ஆறாவது கொப்பியில், கதைபேச்சு இல்லாத இரண்டு மச்சாள்மார் ஒரே கிணற்றில் வேறு வேறு நேரத்துக்கு அள்ள வருகிறார்கள். அவர்களிடம் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன் ஒன்பது நாள் காலையில் நீங்கள் அந்தக் கிணற்றடியில் சும்மா இருந்திருக்கிறீர்கள். பத்தாம் நாள் மூத்தவர் தானாகவே கதைக்கத் தொடங்குகிறார். அந்தப் பக்கங்களை வாசித்த இரவு, நான் பதவியிலிருந்து விலகி மீன் விற்கப் போகலாமா என்று யோசித்தேன். என் துறையில் நான் அறிந்தவர்களில் உங்களுக்கு நிகராக ஒருவரும் இல்லை. இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

போன மாதம் எங்கள் துறையின் தற்காலிக விரிவுரையாளர் சுதாகர் என் அறைக்கு வந்தார். நீங்கள் கடைசி முறை கேட்ட அதே புலமைப்பரிசில். “சேர், ஒரு கடிதம் தருவீங்களோ?” என்று வாசலிலேயே நின்று கேட்டார். நல்ல மனிதர். உப்புவெளி விருந்தினர் விடுதிகளைப் பற்றிய ஆய்வு. கெட்ட ஆய்வு அல்ல. முதல் நாளே போய் முதல் கேள்வியைக் கேட்டுவிடுகிற ஆய்வு.

எழுத இருந்தேன். ‘நேரம் தவறாதவர்’ என்று தொடங்கிவிட்டு அழித்தேன். என்னிடம் வேறு வாக்கியங்கள் இருந்தன. மூன்று மாதமாக அவை மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. இவரைப் போல் மனிதர்களைக் கேட்கத் தெரிந்த ஒருவரை நான் கண்டதில்லை. இவருடைய குறிப்புகள் என் தொழிலைப் பற்றி என்னை வெட்கப்பட வைத்தன. இந்த வாய்ப்பு இவருக்குக் கிடைக்காவிட்டால் இழப்பு எங்கள் எல்லோருக்கும். கை கூசவில்லை. ஒன்றரைப் பக்கம் வந்தது. அனுப்பிவிட்டு யன்னலடியில் போய் நின்றேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அது அந்த வாரம் முழுவதும் அங்கேதான் நின்றது.

உங்கள் வாக்கியங்களைத்தான் கொடுத்தேன் அக்கா. அவை ஒருவருக்கு மட்டும், ஒருதடவை மட்டும் எழுதக்கூடியவை என்பது அனுப்பிய பிறகுதான் தெரிந்தது.

பதினேழு கொப்பிகளும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. ஏழாவதைத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்து விளங்காத இடங்களில் செல்வி வந்து சொல்லித் தருகிறார். நூல் உங்கள் பெயரில் மட்டும் வரும். தலைப்பில் கிணறு மட்டும் இருக்கும், ‘உம்’ போட்டு வேறொன்றும் இருக்காது. முன்னுரையை நான் எழுதுவேன், அச்சுக்குப் போகும் முன் திரியாயில் கிணற்றுக்காரர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவேன். போதாது என்று அவர்கள் சொன்னால் கூட்டி எழுதுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

சுதாகருக்கு அந்தப் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் புறப்படுகிறார்.

உங்கள் தம்பி,
குகன்