ஆட்டுக்குப் போடும் பலகை

தம்பி,

இன்று காலை சிங்கப்பூரில், மகள் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பேருந்து நிறுத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பேருந்து வந்ததும் ஓட்டுநர் இறங்கி, நடுக்கதவின் தரையில் மடித்துக் கிடந்த பலகையைப் புரட்டி நடைபாதையில் போட்டார். தட்டென்று ஒரு சத்தம். யாரோ மூட்டை ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்து, "நாற்காலிய பின்னால இழு, வழிவுடு" என்றேன் மகளிடம். ஓட்டுநர் தமிழர். "பாட்டி, பலகை உங்களுக்குத்தான்" என்று சிரித்தார்.

எனக்காம். நான் ஏறி முடிக்கும்வரை பேருந்து நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டிவலி என்று மகள் நினைத்துக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போன பிறகும் கையை ஊன்றியே ஊரெல்லாம் சுற்றினாய். பேருந்தில் ஏறத்தான் யாராவது அக்குளில் கைவிட்டுத் தூக்க வேண்டும். "மூட்டையாட்டம் தூக்கறாங்கக்கா. ஒரு பலகை இருந்தா நானே ஏறிடுவேன்" என்பாய். கல்வராயன் மலைக்குப் போய், மேலே இருந்து நம் ஊர்ப்பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் உனக்கு. அதற்காக வேப்பம்பலகை ஒன்றை நீயே இழைத்தாய். உட்கார்ந்து நகரும்போது வழுக்காதிருக்க, குறுக்கே கயிறு சுற்றினாய்.

சங்கராபுரத்தில் மலைக்கு ஏறும் பேருந்தின் நெற்றியில் 'வெள்ளிமலை' என்று இருந்தது. பள்ளிக்கூடம் போகாத நான் அந்த நெற்றிகளைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினேன். படியில் பலகையைச் சாய்த்தோம். கண்டக்டர் குனிந்து பார்த்தான்.

"இன்னாம்மா, ஆடு ஏத்தறியா? டெம்போ அந்தாண்ட நிக்குது பாரு."

பேருந்தே சிரித்தது. நீயும் சிரித்தாய். "ஆடுன்னா அரை டிக்கெட்டா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே பாதிப் பலகை ஏறிவிட்டாய். இன்னும் நாலு நகர்வுதான். நான்தான் பொறுக்காமல் உன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"மானம் போவுது. வா வூட்டுக்கு."

அன்று சாயங்காலமே பலகையைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நான் குளித்துவிட்டு வந்தபோது நீ அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். கயிறு மட்டும் எரியாமல் ஒரு துண்டு கிடந்தது.

"தண்ணி நல்லா காஞ்சிதாக்கா?" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மலையைப் பற்றி நீ பேசவே இல்லை. பேருந்திலும் ஏறவில்லை. கடைசியில் உன்னை நாலு பேர் தூக்கித்தான் கொண்டுபோனார்கள்.

அந்தக் கண்டக்டரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அவன் வாயால் சொன்னதோடு சரி. கோடாலி என் கையில் இருந்தது.

இந்த ஊர்ப் பலகையிலும் வழுக்காமலிருக்கக் குறுக்கே வரிவரியாகக் கோடு போட்டிருக்கிறார்கள், தம்பி. நீ சுற்றிய கயிறு மாதிரியே.

இங்கே குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருகிறது. "இந்த வயசுல ஏம்மா பச்சத் தண்ணியில குளிக்கற?" என்று மகள் தினமும் சண்டை போடுகிறாள். பிடிவாதம் என்கிறாள். அன்றைக்கு ஊற்றிக்கொண்டதுதான் கடைசி வெந்நீர் என்பதை அவளிடம் நான் சொன்னதில்லை.