அடுப்புப் பரணில் ஒரு நாவல்

ஐப்பசி, வெள்ளி. மழை விடவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுச் செல்விக்கு எனக்கு மிகவும் பிடித்த நாவலைக் கொடுத்தேன். இந்த ஊரில் கதைப் புத்தகம் படிக்கிறவர்கள் நாங்கள் இருவர்தான் என்று நினைத்திருந்தேன். படித்துவிட்டு வருவாள், மணிக்கணக்காகப் பேசலாம் என்று காத்திருந்தேன்.

இன்று நானே போய்க் கேட்டேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் ஏறி, விதைக் கேழ்வரகுப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"நீங்க ஆசையாக் குடுத்ததாச்சுங்களே அக்கா. மழைக்குப் பூஞ்சை புடிச்சிருமுன்னு புகையில வெச்சுட்டனுங்க."

"படிச்சியா கண்ணு?"

"ஐயோ, அதைப் போய்க் கையில எடுத்து அழுக்காக்குவனுங்களா?"

விதைக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்திருக்கிறாள். கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "இன்னும் இருந்தாக் குடுங்கக்கா, பத்தரமா வெச்சுத் தாரேன்" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அலமாரியைத் திறந்தேன். நான் திரும்பத் திரும்பப் படித்தவை எல்லாம் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. அவள் திறக்காத அது ஒன்றுதான் நன்றாக இருக்கிறது.