பெயருக்கு முதலாளி

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே உன் தங்கை நலம், பிள்ளைகள் நலம், கரண்ட் அடுப்பு மிக மிக நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அடுப்புக் கொடுத்த திட்ட ஆபீஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டே, பின் சீட்டில் மேடம் பேசியதைக் காதில் வாங்கியிருக்கிறாய். எங்களைத் தனித்தனியாக விசாரித்ததில், இந்த ரொட்டிக்கடையில் எல்லா முடிவையும் கணவர்தான் எடுக்கிறார், மனைவி பெயருக்குத்தான் முதலாளி என்று தெரிந்துவிட்டதாம். பெண்கள் நடத்தும் தொழிலுக்கென்று கொடுத்த அடுப்பு என்பதால், வருஷ முடிவில் அதைக் கழற்றிக்கொண்டுபோய் வேறொரு பெண்ணுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். "அந்தக் கழுதைக்கு வாயில்லையா? நான்தான் நடத்துறேன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்று உன் தங்கையைத் திட்டியிருக்கிறாய். அவளைத் திட்டாதே. கடிதத்தை அவளிடம் இன்னும் காட்டவில்லை. பின்கட்டில் தட்டுகளை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் முன்பக்கம் ரொட்டி வெட்டும் பலகையின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இந்த யோசனையைக் கொடுத்த புண்ணியவான் நீதான். "மாப்ள, கடை பொம்பளைங்க பேர்ல இருந்தா அடுப்பு தானா வருது. தங்கச்சி பேருக்கு மாத்திடு. பேருதானே!" என்றாய். பேருதானே என்று நானும் மாற்றினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை. நாம் ஆபீஸ்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவியதாக நினைத்தோம். அவர்களோ அந்தப் பெயரை உண்மை என்று நம்பிவிட்டார்கள், மச்சான். அங்கேதான் எனக்கு வினை வந்தது.

அடுப்பைப் பொருத்த ஒரு பெண் மெக்கானிக் வந்தது. ஆண் வந்திருந்தாலாவது சண்டை போட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறேன், அந்தப் பெண் என்னைத் தாண்டிப்போய், "அக்கா, நீங்க வந்து நில்லுங்க" என்று சொல்லி, உன் தங்கையின் முழங்கை உயரத்துக்கு அடுப்பை வைத்தது. சுவிட்சையும் அவள் கைக்கு எட்டும்படி வைத்தது. இப்போது நான் தட்டு எடுக்கவேண்டுமானால் இடுப்பை ஒடித்துக் குனியவேண்டும். தெருவே நெட்டை என்று கூப்பிடுகிற ஆளுக்கு இது என்ன தண்டனை என்று கத்தினேன். உன் தங்கை பழைய விறகு அடுப்பின் முன்னால் கிடந்த மரப்பலகையைக் காலால் தள்ளி ஓரமாக விட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதன் மேல் ஏறி நின்றுதான் ரொட்டி எடுத்திருக்கிறாள். அந்த அடுப்பைக் கட்டும்போது என் உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன். அந்தப் பலகை ஏன் அங்கே கிடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

பயிற்சிக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். பெண்களுக்கு ஒழியும் நேரம் பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு வைத்தார்கள். சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் பயிற்சிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரே சிரிப்பு. என்னோடு இருக்கும்போது இவள் இப்படி வாய்விட்டுச் சிரித்திருக்கிறாளா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளே எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தாள். அடுப்புக்குக் கரண்ட் கொடுக்கக் கூரையில் மாட்டிய சோலார் தகட்டில் வெயில் நன்றாக விழுவது உச்சிப்பொழுதில்தானாம். அதனால் காலையில் ரொட்டி மட்டும் போட்டு, பன்னை மதியத்துக்குத் தள்ளிவிட்டாள். மத்தியானம் எவன் பன் வாங்குவான் என்றேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சுடச்சுடத் தட்டு வெளியே வருகிறது, பிள்ளைகள் ஈ மாதிரி மொய்க்கின்றன. அடுப்பு சும்மா இருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணியை அழைத்து பிஸ்கட் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் "சூடு போதுமாங்க?" என்று என்னிடம்தான் கேட்பாள். நான் ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து, கருகுகிற வேகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். இப்போது குமிழைத் திருகுகிறாள், அது சொல்லிவிடுகிறது.

ஆமாம், எனக்குப் பொறாமைதான். எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப்போவதில்லை. பெற்ற பிள்ளை மேல், கூடப்பிறந்தவன் மேல் பொறாமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டினவள் மேல் பொறாமைப்பட்டு வயிறு எரிகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடையில் புகை நின்றுபோய்விட்டது, உன் தங்கைக்கு இருமலும் நின்றுவிட்டது, என் காதில் மட்டும் புகை வந்துகொண்டே இருக்கிறது.

போன மாதம் மாவு மண்டிக்காரர் வந்தார். கடை வைத்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா இல்லையா? சரி, அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க, எந்த மாவு வேணும்னு" என்றார். என் கடை, நான் நிற்கிறேன், என்னிடம்! அன்றிலிருந்து வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் என்ன கேட்டாலும் ஒரு 'ம்'. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். "என்னாச்சு உங்களுக்கு?" என்று அவள் கேட்காத நாள் இல்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

அந்த வாரத்தில்தான் உன் மேடம் வந்தார்கள். முதலில் என்னை முன்கடையில் வைத்துக் கேட்டார்கள். எப்போது அடுப்புப் போடுவது, என்ன செய்வது, யாரைச் சேர்த்துக்கொள்வது, இதையெல்லாம் முடிவு பண்றது யார் என்று. "நான்தான், வேற யாரு?" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் பின்கட்டுக்கு அவளிடம் போனார்கள். தனியாகப் பேசவேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறாளோ என்று பூனை மாதிரி போய் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். மூட்டை அடுக்கு என் மார்பு வரைக்கும்தான். சிரிக்காதே. மேடம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள், உன் தங்கை எனக்கு எதிரே. அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் உடனே வாயைத் திறந்தாள், மச்சான். சொல்ல வந்தது வேறு, அது எனக்குத் தெரியும். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள். என் முகம் அப்போது எந்த லட்சணத்தில் இருந்ததோ, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "எல்லாம் அவரு பார்த்துக்கிறாரு மேடம். எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

அன்று மதியம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவளிடம் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசினேன். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். என் தொண்டையில் சோறு இறங்கினதே போதும் என்று நினைத்திருப்பாள் பாவி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுப்பு போகப்போகிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மறுபடியும் விறகு, மறுபடியும் நான், மாவு மண்டிக்காரர் என்னிடம்தான் பேசியாகவேண்டும். அந்த நினைப்பிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவள் பின்கட்டிலிருந்து வந்து, ஏதோ புதிதாகப் போட்டுப் பார்த்த பன்னைப் பிட்டு என் வாயில் வைத்து, "அடுத்த வருஷம் இன்னும் ஒருத்தியைச் சேர்த்துக்கலாம்னு பார்க்கிறேன், என்ன சொல்றீங்க?" என்றாள். என்னைக் கேட்டாள், மச்சான். கேட்கவேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. வாயில் பன் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

நான் ஆபீசுக்கு வந்து, பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுக்கவும் தயார். அதற்கு என்ன பேர் கெட்டாலும் சரி. ஆனால் கணவன் வந்து சொன்னதை வைத்து அவளை முதலாளி என்று அவர்கள் எழுதிக்கொண்டால், அதுவும் நான் சொன்னதாகத்தானே ஆகும்? அவள் வாயால் வரவேண்டும். மேடத்திடம் பக்குவமாகப் பேசி இன்னொரு முறை இங்கே அழைத்து வா. அவர்களை இறக்கிவிட்டதும், டயரைப் பார்க்கவேண்டும், பெட்ரோல் போடவேண்டும், எதையாவது சொல்லி என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தூரமாகப் போய்விடு. நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் விடாதே. பாதி வழியில் திரும்பு என்று கெஞ்சினாலும் திருப்பாதே. நான் அங்கே இருந்தால் அவள் மறுபடியும் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் வண்டி ஓட்டு. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் தங்கையின் கடையில் இருக்கும்
நெட்டை மாப்பிள்ளை